பள்ளிக்கூடம் எதற்கு? பி.எட். தேர்வுக்கு ஒரு சந்தேகம்

முதலாண்டு_பிஎட்:

அனைவருக்கும் வணக்கம். பி.எட். முதலாண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் உள்மதிப்பீட்டுத் தேர்வு. ‘கல்வியின் சமூகப் பணிகள்’ நிச்சயம் பத்து மதிப்பெண்ணுக்கு வரும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். கைடில் இருப்பது இவ்வளவுதான்: பிள்ளையைச் சமூகத்துக்குப் பழக்குவது, பண்பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது, ஒழுங்கை நிலைநாட்டுவது, வேலைகளுக்கு ஆள் பிரிப்பது, சமூக மாற்றத்தைக் கொண்டுவருவது.

மனப்பாடம் செய்துவிடலாம், அது பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டாவதும் ஐந்தாவதும் எப்படி ஒரே பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன? இருப்பதை அப்படியே கைமாற்றிக் கொடுக்கும் இடமே அதை மாற்றவும் செய்யுமா? வகுப்பில் கேட்டேன். “முதல்ல பட்டியலை எழுதுங்க, மீதியை அப்புறம் பார்க்கலாம்” என்றார்கள். அப்புறம் வரவேயில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

மூன்றாம்_பெஞ்ச்:

அம்மா அப்பா வேலைக்குப் போக, பிள்ளையைப் பகலில் எங்கேயாவது விட வேண்டும். அதற்குத்தான் பள்ளிக்கூடம். சந்தேகம் இருந்தால் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியதை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தார்கள். அதற்குள் எத்தனை வீட்டில் அம்மாக்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்! பத்துக்குப் பத்து போடுங்கள்.

ஓய்வு_தலைமையாசிரியர்:

தம்பி சிரிப்புக்குச் சொன்னாலும் அதில் பாதி உண்மை இருக்கிறது. நான் மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

கைடில் உள்ள பட்டியலின் மூலவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம். பிரான்சில் 1881, 82-இல் இலவச, கட்டாய, மதச்சார்பற்ற தொடக்கக் கல்விக்குச் சட்டம் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1887 முதல், பொர்தோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் போகிறவர்களுக்கே அவர் பாடம் நடத்தினார். உங்களைப் போன்ற பி.எட். மாணவர்கள்தான் அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகுருவை வெளியே அனுப்பியாயிற்று. இனி ‘நாம்’ என்ற உணர்வை யார் ஊட்டுவது? இதுதான் அவர் கவலை. பள்ளிக்கூடம் ஊட்டும் என்றார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1959-இல் இன்னொன்றைச் சேர்த்தார். வீட்டில் பிள்ளையைக் கொஞ்சுவது அது ‘என் பிள்ளை’ என்பதால். பள்ளியில் அந்தச் சலுகை கிடையாது. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே அளவுகோல். வீட்டிலிருந்து ஊருக்குப் போகும் பாலம் பள்ளிக்கூடம் என்பது அவர் வாதம்.

புத்தகத்தில் இதைப் படித்தால் சப்பென்று இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 34 ஆண்டு வருகைப்பதிவேடு எடுத்தவன் நான். தெருவில் சாதிப்பெயரைச் சேர்த்தே கூப்பிடப்பட்ட பையன், முதன்முதலாக வெறும் இனிஷியலும் பெயருமாகக் கூப்பிடப்படுவது என் பதிவேட்டில்தான். உயரத்தின்படி வரிசை, அகரவரிசைப்படி எண். அந்தப் பையன் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லும்போது நிமிர்ந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நூல்மில்_சூப்பர்வைசர்:

ஐயாவுக்கு வணக்கம். நான் பள்ளிக்கூடத்தை மறுமுனையிலிருந்து பார்க்கிறவன். அங்கே படித்து முடித்து வருகிறவர்களை வேலைக்குச் சேர்ப்பது என் பொறுப்பு.

ரிங் பிரேமில் (நூல் நூற்கும் இயந்திரத்தில்) நிற்க ஒருவருக்கு நீர்க்குமிழியின் பரப்பு இழுவிசை தெரிய வேண்டியதில்லை. அறுந்த இழையைப் பிணைக்கப் பத்து நாளில் நாங்களே கற்றுக்கொடுத்துவிடுவோம். அப்படியானால் பத்தாம் வகுப்பு ஏன் கேட்கிறோம்? பத்து வருஷம் மணியடித்ததும் எழுந்து, மணியடித்ததும் உட்கார்ந்து, ஒன்றுக்குப் போகக்கூட விரல் காட்டிக் கேட்டுப் பழகியவர் என்பதற்கு அது அத்தாட்சி. ஷிப்ட் சங்கு அவருக்குப் புதிதாக இருக்காது. எதற்குச் செய்கிறோம் என்று கேட்காமல் மார்க்குக்காக வேலை செய்தவர், சம்பளத்துக்காகவும் அப்படியே செய்வார்.

இதைச் சொன்னபோது என் மகள் (எம்.ஏ. படிக்கிறாள்) சிரித்தாள். 1976-லேயே பவுல்ஸ், கின்டிஸ் என்று இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் இதை எழுதிவிட்டார்களாம். பள்ளியின் உறவுமுறை தொழிற்சாலையின் உறவுமுறைக்கு அச்சு எடுத்த மாதிரி இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. இன்னொன்றும் சொன்னார்களாம்: எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரிப் பழக்குவதில்லை. கீழ்வேலைக்குப் போகிறவர்களுக்குக் கீழ்ப்படிதல். மேல்வேலைக்குப் போகிறவர்களுக்குத் தானாக முடிவெடுக்கும் பழக்கம். எங்கள் ஊரில் அதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பள்ளியில் ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’. இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளியில் நாலாம் வகுப்புப் பிள்ளை மைக் பிடித்து ‘மை பிராஜெக்ட்’ என்று பேசுகிறது.

திண்ணை_வாசி:

மணி, வரிசை என்று பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. அந்த அச்சில் ஒரு துண்டு நம் ஊரிலிருந்து போனது.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொள்ள வந்தார். ஆசிரியர்கள் போதவில்லை. பக்கத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். கொஞ்சம் தெரிந்த பிள்ளை (சட்டாம்பிள்ளை) இன்னும் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். இங்கிலாந்து திரும்பி 1797-இல் அதை எழுதி வெளியிட்டார். அங்கே அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். தொழிற்புரட்சி நகரங்களில் ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை மலிவாக உட்கார வைக்க அது கைகொடுத்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது.

திண்ணையில் சட்டாம்பிள்ளை ஒரு வசதி. அங்கே போனதும் அவன் கங்காணி ஆகிவிட்டான் என்பது என் அபிப்பிராயம். திண்ணையைப் புனிதமாக்க இதைச் சொல்லவில்லை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவு போட்டு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் என்று 1826-இல் கணக்குக் கொடுத்தார். அந்தக் கணக்கில் பெண் பிள்ளைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பானைக்காரர்_பேரன்:

எல்லாரும் பெரிய பெரிய பெயராகச் சொல்கிறீர்கள். நான் எங்கள் அப்பாவின் கதையைச் சொல்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லால்குடிப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா மண்பாண்டம் செய்தவர். அப்பா 1944-இல் பிறந்தவர். அவர் தொடக்கப் பள்ளியில் இருந்தபோது, 1953 ஜூனில், ராஜாஜி அரசு கிராமப் பள்ளிகளில் நேரத்தை மாற்றியது. ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம்தான் பாடம். பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒன்று காலையில், ஒன்று பிற்பகலில். மீதி நேரம் வீட்டுத் தொழிலையோ ஊர்த் தொழிலையோ கற்றுக்கொள்ள வேண்டும். அரசு வைத்த பெயர் திருத்திய தொடக்கக் கல்வித் திட்டம். எதிர்த்தவர்கள் வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். நின்றது அந்தப் பெயர்தான்.

அப்பா காலைப் பிரிவு. பள்ளி விட்டதும் சக்கரத்தடிக்குப் போக வேண்டும். போனாரா? களிமண்ணை மிதிக்க நாலு நாள் போனார். தாத்தாவே, ‘இது சோறு போடாதுடா’ என்று விரட்டிவிட்டார். அப்புறம் ஆடு மேய்த்தார். அதே வகுப்பில் கர்ணத்தின் (ஊர்க் கணக்குப்பிள்ளையின்) மகனும் இருந்தான். அவனுக்கும் அதே மூன்று மணி நேரம்தான். ஆனால் அவன் வீட்டுத் தொழில் என்ன? கணக்கு எழுதுவது, பத்திரம் படிப்பது, பெரியவர்கள் முன்னால் திருத்தமாகப் பேசுவது. அதாவது பள்ளிக்கூடத்தில் செய்வதையேதான் அவன் வீட்டிலும் செய்தான். அப்பா சொல்வார்: “அவனுக்கு முழு நாள் பள்ளிக்கூடம்டா. எனக்குத்தான் அரை நாள்.”

1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். மே மாதமே திட்டத்தைக் கைவிட்டார்கள். ஒரே ஒரு படிப்பாண்டு. அந்த ஓராண்டைப் பற்றி அப்பா கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார்.

கைடில் உள்ள நாலாவது வரியை, ‘வேலைகளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பது’ என்பதை, நான் எங்கே பார்த்தாலும் எனக்கு ஆட்டுக்குட்டிதான் ஞாபகம் வரும்.

பழைய_காங்கிரஸ்காரர்:

மன்னிக்கவும், இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அன்று பள்ளிக்கே வராத பிள்ளைகள் ஏராளம். கட்டடமும் ஆசிரியரும் போதாது, கஜானாவில் பணமும் இல்லை. இருக்கிற கட்டடத்தில், இருக்கிற ஆசிரியரை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பதுதான் கணக்கு. கைத்தொழில் வழியாகக் கல்வி என்பதும் ராஜாஜி கண்டுபிடித்ததில்லை. 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்ததே அதுதான். மூளைக்கு மரியாதை, கைக்கு அவமரியாதை என்ற நோயை இன்றைக்கு எல்லாரும் திட்டுகிறோம். அன்று அதை மாற்ற முயன்றவரைச் சாதிவெறியர் என்று முத்திரை குத்திவிட்டோம்.

பானைக்காரர்_பேரன்:

ஐயா, பணமில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் வார்தாவில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே ராட்டை இருந்தது. எல்லாப் பிள்ளையும் நூற்க வேண்டும், கர்ணம் மகனும்தான். 1953-இல் ராட்டையைப் பள்ளிக்கு வெளியே, அவரவர் வீட்டில் வைத்தார்கள். கர்ணம் மகனை எங்கள் தாத்தாவின் சக்கரத்துக்கு அனுப்பியிருந்தால் நானே அந்தத் திட்டத்துக்கு மாலை போட்டிருப்பேன்.

பழைய_காங்கிரஸ்காரர்:

அது நியாயமான கேள்விதான். பதில் என்னிடம் இல்லை.

எம்ஏ_சமூகவியல்:

மில்காரரின் மகள் நான்தான் (அப்பா, இந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாமே).

பேரன் அண்ணா, உங்கள் அப்பா சொன்னதைத்தான் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ 1960-களில் தொடங்கி ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதினார். அவரும் தெற்கு பிரான்சில் ஒரு கிராமத்து அஞ்சல் ஊழியரின் மகன். விடுதியில் தங்கிப் படித்தவர். பள்ளி எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறது, சரி. ஆனால் பள்ளியின் மொழி, நடை, பேச்சுத் தோரணை எல்லாம் சில வீடுகளில் மட்டும் ஏற்கெனவே புழங்குகின்றன. அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சொத்துப் போல அது சும்மாவே கிடைக்கிறது. பள்ளி அதை ‘திறமை’ என்று பெயர் மாற்றி மார்க் போடுகிறது. எல்லாரையும் சமமாக நடத்துவதாலேயே ஏற்றத்தாழ்வு அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதுதான் அவர் வாதத்தின் கூர்மை. இங்கேதான் அவர் பார்சன்ஸிடமிருந்து பிரிகிறார்.

பிரெஞ்சு உதாரணமே வேண்டாம். ‘வாழைப்பழம்’ என்று வாசிக்கச் சொல்லுங்கள். ‘வாளப்பளம்’ என்று வாசிக்கும் பிள்ளையை நம் வகுப்பறை எப்படிப் பார்க்கிறது? அது அந்தப் பிள்ளையின் அம்மா பேசும் தமிழ். ஆனால் ‘நாக்கு திருந்தல’ என்போம்.

இன்னொன்று. அந்த அரை நாள் 1954-இல் ஒழிந்துவிட்டதாக நினைக்கிறோம். எங்கே ஒழிந்தது? நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் தொடங்குகிறதே, அது என்ன? ஒரு வீட்டில் டியூஷன், அபாகஸ், ஹிந்தி பிரசார சபா. இன்னொரு வீட்டில் தம்பியைத் தூக்கிக்கொள்வது. நீட் பற்றி 2021-இல் அறிக்கை கொடுத்த ஏ.கே. ராஜன் குழு, 2020-21-இல் மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் மறுமுறை எழுதியவர்கள் என்று காட்டியது. பிளஸ் டூ முடித்துவிட்டு இன்னொரு வருஷம் சம்பாதிக்காமல் படித்துக்கொண்டே இருக்க எந்த வீட்டால் முடியும்? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கொண்டுவந்ததே இந்த நாலு மணிக்கு மேற்பட்ட பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டதுதான்.

வடமராட்சியான்:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பக்கம் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945-இல் நடைமுறைக்கு வந்தது. அதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் 1970-களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்து, பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழில் எழுதியவர்களுக்கும் சிங்களத்தில் எழுதியவர்களுக்கும் வெட்டுப்புள்ளியை வேறாக்கியது. பிள்ளைகளைச் சலிக்கும் அரிதட்டைப் பள்ளிக்கூடமே வைத்திருக்கிறது என்று நினைத்திருந்தோம். அரசாங்கம் ஒரு கடதாசியில் கண்ணின் அளவை மாற்றியது. அதன் பிறகு இங்கே என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒன்றை எங்கள் ஆட்கள் மெல்லத்தான் சொல்வார்கள். பின்னர் மாவட்டக் கோட்டா வந்தபோது முல்லைத்தீவு, மன்னார் போன்ற இடத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. யாழ்ப்பாண நகரத்துப் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகளுக்குத்தான் அது இழப்பு. ஒரே அரிதட்டுத்தான், யார் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

சத்துணவு_அமைப்பாளர்:

இவ்வளவு பேரும் பேசினீங்க. சோறு பற்றி ஒருத்தரும் பேசவில்லையே.

1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022 முதல் காலைச் சிற்றுண்டியும். பிள்ளை பள்ளிக்கு வருவதற்கு இது ஒரு காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. பந்தியில் உட்கார்ந்து பாருங்கள். ஊருக்குள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடாத தெருக்களின் பிள்ளைகள் என் முன்னால் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து ஒருத்தர் முட்டையை இன்னொருத்தர் பிடுங்குகிறார்கள். தலைமையாசிரியர் ஐயா சொன்ன ‘நாம்’ இதுதான் என்றால், அது என் சமையலறையில்தான் வேகிறது.

ஆனால் சமையலுக்குப் பட்டியலினப் பெண்ணைப் போட்டால் பிள்ளையைச் சாப்பிட வேண்டாம் என்று தடுக்கிற ஊரும் இருக்கிறது. பேப்பரில் வருவது கொஞ்சம்தான். ஒருமுறை ஒரு அம்மா என்னிடமே வந்து கேட்டார், ‘யார் கையால வேகுது?’ என்று. ‘கேஸ் அடுப்பால்’ என்றேன்.

ஓய்வு_தலைமையாசிரியர்:

அம்மா சொன்னதும் எனக்கு உறைத்தது. பதிவேட்டில் சாதி இல்லை என்று பெருமையாக எழுதினேன். அதே வகுப்பில் உதவித்தொகைப் படிவம் வந்தால் ‘எஸ்சி பசங்கள்லாம் எழுந்திரு’ என்று கூப்பிட்டிருக்கிறோம். நானும் கூப்பிட்டிருக்கிறேன். யாரும் அதைத் தவறென்று நினைக்கவில்லை, நின்ற பிள்ளைகளைத் தவிர. பிற்காலத்தில் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு நீதிபதி சந்துரு குழு அமைத்தார்கள். 2024-இல் வந்த அறிக்கை அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. பாலம் என்று பார்சன்ஸ் சொன்னாரே, அதில் போக்குவரத்து இரண்டு பக்கமும் உண்டு. ஊர் பாலம் ஏறிப் பள்ளிக்குள் வந்துவிடுகிறது.

மூன்றாம்_பெஞ்ச்:

முதலில் நக்கலாக எழுதினேன். இப்போது கொஞ்சம் வேறு மாதிரி.

பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று. வாத்தியாரை ஓட்டுவது, முதல் பெஞ்சுக்காரனை ‘படிப்ஸ்’ என்று கேலி செய்வது, மதியம் சுவரேறிக் குதிப்பது. யாரும் எங்களை வடிகட்டவில்லை, நாங்களே ஜாலியாக வெளியே போனோம். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். அந்த கேங்கில் ஏழு பேரில் நாலு பேர் அவரவர் அப்பா செய்த வேலையில்தான் இருக்கிறோம். எங்களை எந்த அரசுத் திட்டமும் அங்கே அனுப்பவில்லை. இதற்கு உங்கள் சமூகவியலில் பெயர் இருக்கிறதா, தங்கச்சி?

எம்ஏ_சமூகவியல்:

இருக்கிறது அண்ணா. பால் வில்லிஸ், 1977. இங்கிலாந்தின் ஒரு தொழில் நகரத்தில் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் 12 பேரோடு கூடவே திரிந்து எழுதினார். இந்தப் படிப்பு தங்களை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது என்பதை அந்தப் பையன்கள் ஆசிரியர்களைவிடத் தெளிவாகப் பார்த்துவிட்டார்கள் என்கிறார். அதனால் பள்ளியைக் கேலி செய்தார்கள். அந்தக் கேலியே அவர்களை அப்பாவின் தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. பவுல்ஸும் கின்டிஸும் பிள்ளைகளைக் களிமண்ணாக நினைத்தார்கள். வில்லிஸ் அப்படி நினைக்கவில்லை. எனக்கு அவரைத்தான் பிடிக்கும்.

மூன்றாம்_பெஞ்ச்:

12 பேரா? எங்கள் கேங்கைவிடப் பெரிசு.

முதலாண்டு_பிஎட்:

எல்லாருக்கும் நன்றி. தேர்வு முடிந்துவிட்டது. அந்த வினா வரவில்லை. ‘கல்வி, பயிற்சி: வேறுபடுத்துக’ என்று ஐந்து மதிப்பெண்ணில் ஏதோ வந்தது.

இப்போது ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. நேற்று 4.10-க்கு மணி அடித்ததும் கேட் பக்கத்தில் சும்மா நின்று பார்த்தேன். ஒரு ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் டியூஷனுக்கு. மூன்று பெண் பிள்ளைகள் பையை வீட்டில் போட்டுவிட்டு உடனே குடத்தோடு திரும்பி வந்தார்கள், லாரித் தண்ணி வரும் நேரமாம். ஏழாம் வகுப்பில் எனக்குப் பின்னக் கணக்கில் நாலு முறை தப்பாகப் பதில் சொன்ன பையன் எதிரே பரோட்டாக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்து, “சார், டீ?” என்றான். குடித்தேன். ஒரு உருண்டையை இரண்டாக்கி, நாலாக்கி, எட்டாக்கிப் பிரித்து வரிசையாக வைத்தான், எல்லாம் ஒரே அளவு.

நாளைக்கும் பின்னம்தான். பாடக்குறிப்பில் கேக் படம் போட்டிருந்தேன். அதை அடித்துவிட்டுப் பரோட்டா மாவு என்று எழுதப் போகிறேன். மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர் என்ன சொல்வாரோ தெரியவில்லை. நாலாவது பாடவேளையில் வருகிறார்.